சதுரங்க ஓப்பனிங் புத்தகம்: ஏழு வாரமும் மூன்று லட்சம் கியாட்டும் போன வழி

ரங்கூனில் அனவ்ரதா சாலை காளி கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில், ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகள் பதினொரு பேர் செஸ் ஆட வருகிறார்கள். எல்லார் ஃபோனிலும் டிராய்ட்ஃபிஷ் என்ற செஸ் செயலி இருக்கிறது. வாரநாளில் எதிரே உட்கார ஆள் கிடையாது, அதற்குள் இருக்கும் இஞ்சினோடுதான், அதாவது செஸ் ஆடும் நிரலோடுதான் ஆட வேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலையாவது மனிதர்கள் போட்டியில் ஆடுகிற மாதிரி இஞ்சின் ஆடினால்தான் அது பயிற்சி. அதற்காக ஒரு ஓப்பனிங் புத்தகம், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் எந்த நிலையில் எதை ஆடுவது என்று இஞ்சின் பார்த்துக்கொள்ளும் கோப்பு ஒன்று கட்டிக் கொடுக்க உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது ஏழு வாரம் இழுத்தது. டேட்டாவுக்கும் வட்டுக்குமாக மூன்று லட்சம் கியாட்டுக்கு மேல் போயிற்று. பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று: நான் கட்டிய முதல் புத்தகம் பிள்ளைகளுக்குத் தப்பான ஆட்டத்தைப் பழக்கிவிட்டது. பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லை. இதே வேலையில் இறங்கும் அடுத்தவர் அந்த ஏழு வாரத்தை இழக்க வேண்டாம் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் பாதிப் பிரச்சினை. ஃப்ரூட் என்ற இஞ்சினை எழுதிய ஃபாபியன் லெட்டூசேதான் பாலிகிளாட் என்ற கருவியையும் எழுதினார். அதன் '.பின்' கோப்பைத்தான் இன்று பெரும்பாலான இலவச மென்பொருள்கள் படிக்கின்றன. ஃப்ரிட்ஸ், அரீனா என்ற செஸ் மென்பொருள்களுக்கு முறையே '.சிடிஜி', '.ஏபிகே' என்று தனி வடிவங்கள் உண்டு. ஆனால் அவற்றை வெளியிலிருந்து கட்டுவது சிரமம், பாலிகிளாட் வடிவம் திறந்தது. அதன் உள்ளே ஆட்டங்கள் இல்லை, நிலைகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் சரியாக 16 பைட்: நிலையின் சாவிக்கு 8, நகர்த்தலுக்கு 2, எடைக்கு 2, கற்றலுக்கு 4. இஞ்சின் தன் முன்னால் இருக்கும் நிலைக்குச் சாவியைக் கணக்கிட்டு, அதே சாவியுள்ள பதிவுகளைத் தேடி, எடைக்குத் தக்கபடி ஒரு நகர்த்தலைப் பொறுக்கும். எந்த வரிசையில் நகர்த்தி அந்த நிலைக்கு வந்தோம் என்பது அதற்குத் தேவையே இல்லை. இதனால் ஒரு கெட்டதும் உண்டு. ஒரு மூலையில் புகுந்த குப்பை, வேறு பாதையில் அந்த நிலைக்கு வருகிற நல்ல ஆட்டத்திலும் தலை காட்டும்.

எங்கள் தெரு டீக்கடையில் சித்துயின் என்ற பர்மியச் சதுரங்கம் ஆடுகிற பெரியவர் ஒருவர், "ஆட்டம் தொடங்குவதற்கு எதுக்குத் தம்பி புத்தகம்?" என்று கேட்டார். அவர் ஆட்டத்துக்கு அந்தக் கேள்வி சரியானது. சித்துயினில் சிப்பாய்கள் மட்டும் முன்கூட்டியே நிற்கும், மற்ற காய்களை அவரவர் விருப்பப்படி அடுக்கிக்கொண்டுதான் ஆட்டமே தொடங்கும். நம் செஸ்ஸில் எல்லாக் காயும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. வெள்ளைக்கு முதல் நகர்த்தல் 20 வகை, கருப்பு பதில் சொன்னதும் 400, மூன்றாவது அரை நகர்த்தலில் (ஒரு பக்கம் ஒருமுறை ஆடுவது அரை நகர்த்தல்) 8,902, நான்காவதில் 1,97,281. இந்தக் காட்டில் மனிதர்கள் நடந்து நடந்து தடம் விழுந்த பாதைகள் கொஞ்சம்தான். புத்தகம் கட்டுவது என்றால் அந்தத் தடத்தைப் பிரித்தெடுப்பது. இது புரியாமல் காட்டையே வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தேன்.

இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் தளம் 2013 ஜனவரி தொடங்கி மாதாமாதம் எல்லா ரேட்டட் ஆட்டங்களையும், அதாவது புள்ளிக்காக ஆடியவற்றை, இலவசமாக வெளியிடுகிறது. அதிகம் இருந்தால் நல்லது என்று எண்ணி, சமீபத்திய மாதம் ஒன்றை எடுத்தேன். சுருக்கிய கோப்பே 30 ஜிபி அளவு. விரித்தால் ஏழு மடங்கு ஆகும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. மொபைல் டேட்டாவில் மூன்று நாள் இழுத்தேன். எங்கள் பகுதியில் கரண்ட் நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் போகும். இரண்டு முறை பாதியில் அறுந்தது. இரண்டு முறையும் அரைகுறைக் கோப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இது முழு அறியாமை. கோப்பு இறக்கும் கட்டளையான டபிள்யூகெட்டில் '-சி' என்று ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும். அதைவிட முக்கியமான செய்தி: இந்த '.இசட்எஸ்டி' கோப்பு பாதி இறங்கியிருந்தாலும் அந்தப் பாதியை விரித்துப் படிக்கலாம். கடைசி ஆட்டம் ஒன்று அறுந்திருக்கும், அவ்வளவுதான். நான் அழித்த அரைக் கோப்பு ஒவ்வொன்றிலும் எனக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு ஆட்டங்கள் இருந்தன. அந்த டேட்டாப் பணத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இறங்கிய கோப்பை விரிக்க லேப்டாப்பில் இடமில்லை. வெளி வட்டு ஒன்று வாங்கினேன். விரித்தால் சரியாக 4 ஜிபியில் நின்றுவிடும், திரும்பத் திரும்ப அதே இடம். வட்டு கெட்டது என்று கடைக்குத் தூக்கிப் போனேன், அவர்களுக்கும் காரணம் தெரியவில்லை. வட்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் உண்மையில் அந்த வட்டே தேவைப்பட்டிருக்காது. விரித்ததை வட்டில் எழுதவே கூடாது. இசட்எஸ்டிகேட் கட்டளையால் விரித்துக்கொண்டே, பைப் வழியாக நேராக பிஜிஎன் கோப்புகளை (ஆட்டங்களை எழுத்தாகப் பதியும் வடிவம்) வடிகட்டும் பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் கருவிக்குக் கொடுத்து, வடிகட்டி வெளிவருவதை மட்டும் சேமித்தால் போதும். இருநூறு ஜிபி ஓடினாலும் வட்டில் விழுவது சில நூறு எம்பிதான். முதலில் 2013 ஜனவரிக் கோப்பை வைத்து ஒத்திகை பாருங்கள். 1,21,332 ஆட்டங்கள், 20 எம்பிகூட வராது. வடிகட்டி, புத்தகம், ஃபோன் என்று எல்லாப் படியையும் ஒரு மாலையில் முடித்துப் பார்த்துவிடலாம். ஒத்திகை பார்க்காமல் பெரிய கோப்பில் கைவைத்ததால்தான் முதல் மூன்று வாரமும் வீணாயிற்று.

இத்தனைக்கும் பிறகு கட்டிய முதல் புத்தகம் எப்படி இருந்தது? வடிகட்டாமல் ஒரு மாத ஆட்டத்தில் ஒரு துண்டை அப்படியே, ஆட்டங்களிலிருந்து புத்தகம் கட்டும் பாலிகிளாட்டின் மேக்-புக் கட்டளைக்குக் கொடுத்தேன். முழுவதையும் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் அது எல்லாப் பதிவையும் நினைவகத்தில் வைத்துத்தான் வேலை செய்யும். 4 ஜிபி ராம் உள்ள என் லேப்டாப் மூச்சு முட்டி நின்றுவிடும். கட்டியதைப் பிள்ளைகள் ஃபோனில் ஏற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சிறுமி வெள்ளைக்கு இ4 ஆடி, அடுத்த நகர்த்தலிலேயே ராணியை ஹெச்5க்குக் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டேன். "இஞ்சின் அப்படித்தான் ஆடுது சார்" என்றாள். இன்னொரு பையன் டி4க்கு இ5 என்று இங்லண்ட் கேம்பிட் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டுமே புத்தகத்தில் கனமான எடையோடு உட்கார்ந்திருந்தன.

காரணம் எடை போடும் விதத்தில் இருக்கிறது. நகர்த்துகிறவர் அந்த ஆட்டத்தை வென்றால் 2, டிரா என்றால் 1, தோற்றால் 0. இவற்றைக் கூட்டினால் எடை. சராசரி எடுப்பதில்லை, கூட்டல் மட்டுமே. ஆகவே நிறையப் பேர் ஆடினாலே எடை ஏறிவிடும், பாதிப் பேர் தோற்றாலும் சரி. தொடக்கநிலைக்காரர்கள் ஆடும் ஆட்டத்தில் பொறிக்கு விழுகிறவர்கள் அதிகம். இங்லண்ட் கேம்பிட்டையே பாருங்கள். வெள்ளை இ5இல் வெட்டுகிறது, கருப்பு குதிரையை சி6க்கும், வெள்ளை குதிரையை எஃப்3க்கும் கொண்டுவருகின்றன. கருப்பு ராணி இ7, வெள்ளை பிஷப் எஃப்4, ராணி பி4இல் செக், பிஷப் டி2இல் மறைக்கிறது, ராணி பி2 சிப்பாயை எடுக்கிறது. இங்கே குதிரையை சி3இல் வைத்தால் வெள்ளைக்கு ஆட்டம் மிக நன்றாக இருக்கும். ஆனால் ராணியை விரட்டும் ஆசையில் பலரும் பிஷப்பை சி3இல் வைக்கிறார்கள். கருப்பு பிஷப் பி4க்கு வர, வெள்ளை ராணி டி2, கருப்பு பிஷப் சி3இல் வெட்ட, வெள்ளை ராணி திருப்பி எடுக்க, கருப்பு ராணி சி1இல் மேட். இப்படி விழுந்த ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் கருப்பின் முதல் நகர்த்தலான இ5க்கு எடை சேர்த்துவிட்டன. முடிவு ஆட்டத்துக்கு உரியது, எடை ஏறுவதோ நகர்த்தலுக்கு. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் கட்டும் எந்தப் புத்தகமும் பொய் சொல்லும். பிள்ளைகளின் ஃபோனிலிருந்து அந்தக் கோப்பை அன்றே அழிக்கச் சொன்னேன். பழகிய கையை மாற்ற இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

அதன் பிறகு மூலத்தையே மாற்றினேன். மார்க் க்ரௌதர் 1994லிருந்து நடத்திவரும் த வீக் இன் செஸ் வாரந்தோறும் போட்டி ஆட்டங்களை பிஜிஎன் கோப்பாக இலவசமாகத் தருகிறது. ஒரு வாரக் கோப்பு சில எம்பிதான், எங்கள் ஊர் இணையத்துக்கு ஏற்ற அளவு. நேரில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் யோசித்து ஆடிய ஆட்டங்களே அதில் பெரும்பகுதி. நடுவே ரேப்பிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டப் போட்டிகளும் கலந்திருக்கும், போட்டிப் பெயரைப் பார்த்து அவற்றைக் களைய வேண்டும். லிசெஸ்ஸிலிருந்து எடுப்பதானால் 'ரேட்டட் ரேப்பிட்', 'ரேட்டட் கிளாசிக்கல்' என்று ஈவென்ட் வரியில் இருப்பதை மட்டும் எடுங்கள். அவர்கள் கணக்கில், தொடக்க நேரத்தோடு நாற்பது நகர்த்தலுக்கான கூடுதல் வினாடிகளைச் சேர்த்து 8 நிமிடத்தைத் தொட்டால் ரேப்பிட், 25 நிமிடத்தைத் தொட்டால் கிளாசிக்கல். டெர்மினேஷன் வரியில் 'டைம் ஃபார்ஃபீட்' என்று இருப்பதை நான் விட்டுவிடுகிறேன். நல்ல நிலையில் இருந்தவர் கடிகாரத்தால் தோற்றால் அவருடைய ஓப்பனிங்குக்கு அநியாயமாகப் பழி விழும். டைட்டில் வரியில் 'பாட்' என்று இருப்பதையும், அதாவது இஞ்சின் ஆடும் கணக்குகளையும் நீக்க வேண்டும். அவை ஏற்கெனவே ஏதோ ஒரு புத்தகத்தை வைத்து ஆடுகின்றன, அதை எடுத்தால் அடுத்தவர் புத்தகத்தின் நகலையே நம்முடையதாகக் கட்டுகிறோம்.

எலோ, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளியை வைத்து வடிகட்டுவதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட்டுக்கு ஒரு சிறு உரைக்கோப்பில் நிபந்தனையை எழுதி '-டி' (t) விருப்பத்தோடு கொடுக்கலாம்: வெள்ளையின் எலோ 2300க்குக் குறையக் கூடாது, கருப்பின் எலோவும் அப்படியே. இரண்டு வரியும் வேண்டும். நான் வெள்ளைக்கு மட்டும் எழுதியதால், பெரிய ஆட்டக்காரர் சிறியவரை அடித்துத் துவைத்த ஆட்டங்களெல்லாம் உள்ளே வந்து வெள்ளையின் எந்த ஓப்பனிங்கும் பிரமாதம் என்று காட்டின. இரண்டாவது, லிசெஸ் புள்ளியும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் புள்ளியும் ஒரே தராசு இல்லை. லிசெஸ் க்ளிக்கோ-2 முறையில் 1500லிருந்து தொடங்குகிறது. இரண்டு மூலத்துக்கும் ஒரே எல்லையை வைக்கக் கூடாது. மூன்றாவது, ஃபிடேயின் முதல் எலோ பட்டியலே 1971இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் அந்த வரி காலியாக இருக்கலாம். எலோ நிபந்தனை போட்டதும் கேபாபிளாங்கா, அலெகைன், போட்வின்னிக் எல்லாரும் சத்தமில்லாமல் காணாமல் போனார்கள். பிள்ளைகளுக்குக் கேபாபிளாங்காவின் ஓப்பனிங் எளிமை வேண்டும் என்றிருந்தேன், ஆகவே பழைய மேதைகளைப் பெயர் வைத்துத் தனியாக எடுத்துச் சேர்த்தேன்.

இரட்டை ஆட்டங்கள் இன்னொரு தலைவலி. ஒரே ஆட்டம் ஒரு மூலத்தில் 'ஆனந்த்,வி' என்றும் இன்னொன்றில் முழுப்பெயரிலும் இருக்கும். இரண்டு முறை எண்ணினால் எடையும் இரண்டு மடங்கு. பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட்டின் பெரிய '-டி' (D) விருப்பம் பெயரைப் பார்ப்பதில்லை, நகர்த்தல்களை வைத்து இரட்டையை நீக்கும், புத்தகத்துக்கு அதுதான் சரி. சிறிய '-டி' (t) நிபந்தனைக் கோப்புக்கு, பெரிய '-டி' (D) இரட்டை நீக்க. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு எழுத்துகள், தமிழில் எழுதும்போது ஒன்றாகத் தெரியும், குழம்பிவிடாதீர்கள். பெயரையும் சேர்த்துச் சுத்தம் செய்ய விரும்பினால் ஸ்கிட் என்ற ஆட்டத் தொகுப்பு மென்பொருளில் பெயர் திருத்தும் கோப்பும் இரட்டை தேடும் வசதியும் உண்டு. கூடவே கருத்துரைகளையும் கிளை ஆட்டங்களையும் கழற்றிவிடுங்கள். சமீபத்திய லிசெஸ் கோப்புகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் கடிகாரக் குறிப்பு இருக்கும், அதை எடுத்தாலே கோப்பு பாதியாக இளைக்கும். ரிசல்ட் வரியில் நட்சத்திரக் குறி இருக்கும் ஆட்டம் முடியாத ஆட்டம், அதுவும் வேண்டாம்.

குட்டை டிராக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் போட்டியின் கடைசிச் சுற்றில் பெர்லின் தற்காப்பின் ஒரு கிளையில் புகுந்து, ராணிகளை இ4-இ6, டி4-டி6 என்று முன்னும் பின்னும் ஆட்டி, பதினைந்து நகர்த்தலுக்குள் டிரா செய்துகொள்வார்கள். அப்படியே விட்டால் இஞ்சின் பிள்ளைகளோடும் அதையே ஆடும். 20 நகர்த்தலுக்குக் குறைந்த டிராக்கள் அனைத்தையும் நீக்கிவிட்டேன். குட்டையான வெற்றிகளை நீக்கவில்லை. தப்பை உடனே தண்டிக்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் அவையே, பிள்ளைகள் பார்க்க வேண்டியதும் அவையே. இதற்கு முதலில் முடிவு வாரியாக மூன்று கோப்பாகப் பிரித்து, டிராக் கோப்புக்கு மட்டும் நீள நிபந்தனை போட்டேன். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் தப்பு நேராது.

இனி மேக்-புக். இதன் விருப்பங்கள் ஐந்தாறுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் நேரம் போயிற்று. 'மேக்ஸ்-ப்ளை' என்பது அரை நகர்த்தல் எண்ணிக்கை. 12 என்று போட்டுவிட்டு, புத்தகம் ஆறாவது நகர்த்தலில் ஏன் நின்றுவிடுகிறது என்று இரண்டு நாள் தேடினேன். 12 நகர்த்தல் வேண்டுமானால் 24 போட வேண்டும். பிள்ளைகளுக்கு 20லிருந்து 24 போதும். இஞ்சின்களை மோதவிடுகிறவர்களுக்கு இன்னும் ஆழம் தேவைப்படலாம். 'மின்-கேம்' என்பது ஒரு நகர்த்தல் குறைந்தது எத்தனை ஆட்டத்தில் வந்திருக்க வேண்டும் என்பது. விட்டுவிட்டால் 3 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு லட்சம் ஆட்டத்துக்கு 3 மிகக் குறைவு, யாரோ மூன்று பேர் கை தவறி ஆடியது புகுந்துவிடும். நான் 10 வைக்கிறேன். ஆட்டங்கள் இருபதாயிரம்தான் என்றால் 3 சரி, அதைக் கூட்டினால் எட்டாவது நகர்த்தலிலேயே புத்தகம் வற்றிப்போகும்.

'மின்-ஸ்கோர்' என்பது குறைந்தபட்ச வெற்றி விழுக்காடு. இதில்தான் நான் மிகவும் அடிபட்டேன். நல்ல நகர்த்தல் மட்டும் வரட்டும் என்று 50 வைத்தேன். புத்தகத்தில் கருப்புக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை, மிஞ்சியதெல்லாம் விசித்திரமான பக்கவாட்டு நகர்த்தல்கள். யோசித்தால் காரணம் எளிது. முதலில் ஆடுவதால் வெள்ளை மொத்தத்தில் 54, 55 விழுக்காடு எடுக்கிறது, கருப்புக்கு மீதிதான். கருப்பின் தரமான தற்காப்புகள்கூட 50ஐத் தொடாது. தொடுபவை பெரும்பாலும் சில ஆட்டங்களே உள்ள அரிய கிளைகள். ஆகவே 'ஒன்லி-வைட்' என்று வெள்ளைக்கு ஒரு புத்தகம், 'ஒன்லி-பிளாக்' என்று கருப்புக்கு ஒரு புத்தகம் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வெள்ளைக்கு 48, கருப்புக்கு 40 என்பது இப்போது நான் வைத்திருக்கும் எல்லை. பிறகு மெர்ஜ்-புக் கட்டளையால் இரண்டையும் ஒன்றாக்கலாம். யார் முறை என்பதும் சாவிக்குள் அடங்கியிருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. மற்றப் புத்தகங்களைச் சேர்க்கும்போது மட்டும் வரிசை முக்கியம்: ஒரே நிலை இரண்டிலும் இருந்தால் 'இன்1' இல் கொடுத்த புத்தகத்தின் பதிவுகளே நிற்கும், 'இன்2' இல் உள்ளவை அந்த நிலைக்கு முழுதாகத் தள்ளப்படும். கையால் திருத்திய சிறு புத்தகத்தை 'இன்2' இல் கொடுத்துவிட்டு, திருத்தம் எங்கே போயிற்று என்று நான் ஓர் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

கோப்பில் ஆட்டங்கள் இருக்கும் வரிசையும் எடையை மாற்றும். ஃபாபியனின் மூல நிரலில் ஒரு நகர்த்தலின் எண்ணிக்கை 16,384ஐ எட்டியதும் அந்த நிலையில் உள்ள எல்லா நகர்த்தலின் கணக்கும் பாதியாக வெட்டப்படும். தொடக்க நிலை போன்ற கூட்டமான இடங்களில் இது பலமுறை நடக்கும். முன்னால் இருந்த ஆட்டங்கள் பாதி, கால், அரைக்கால் என்று தேய, பின்னால் வருபவை முழு மதிப்போடு நிற்கும். நான் பழைய மேதைகளின் ஆட்டங்களைக் கோப்பின் தொடக்கத்தில் வைத்திருந்தேன், அவர்கள் எடை கரைந்துபோனது. புதிய ஆட்டத்துக்கு மதிப்புத் தர விரும்பினால் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள், இந்த வெட்டு உங்களுக்கு உதவியாகவே இருக்கும்.

ஐந்தாவது வாரத்தில், எடையை நானே கணக்கிடலாம் என்று பைதான்-செஸ் நூலகத்தை வைத்துச் சிறு நிரல் எழுதினேன். ஆட்ட எண்ணிக்கையோடு வெற்றி விழுக்காட்டையும் பெருக்கி எடை போடுவதுதான் எண்ணம். எண்ணம் சரி, கோப்பை எழுதியதில் நான்கு பிழை. பதிவுகள் சாவியின் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் மென்பொருள் நடுவிலிருந்து பாதி பாதியாகக் குறைத்துத் தேடும். வரிசை கலைந்தால் சில நிலைகள் கிடைக்கும், சில கிடைக்காது, பார்க்கிறவருக்குப் பேய் பிடித்தது போல இருக்கும். எண்களைப் பெரிய பைட் முதலில் வரும்படி எழுத வேண்டும், நம் கணினிகளின் இயல்பு அதற்குத் தலைகீழ். கோட்டை கட்டுவதை (காஸ்லிங்) ராஜா இ1லிருந்து ஜி1க்கு என்று எழுதக் கூடாது, ராஜா தன் யானையை வெட்டுவது போல இ1லிருந்து ஹெச்1க்கு என்று எழுத வேண்டும். நான்காவது, வழிவெட்டு (ஆன் பாசான்), அதாவது இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயைப் பக்கத்தில் நிற்கும் எதிரிச் சிப்பாய் வெட்டுவது. சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தாலே சாவியில் வழிவெட்டு எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது. பக்கத்தில் வெட்டக்கூடிய எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். சாவியை நீங்களாகக் கணக்கிடாமல் அந்த நூலகத்தில் சாவி கணக்கிடும் ஸோப்ரிஸ்ட் செயல்கூற்றையே அழைத்தால் இந்தக் கடைசித் தொல்லை இல்லை. எடை 65,535க்கு மேல் போகாது, அதற்குள் அடங்கும்படி சுருக்கிக்கொள்ளுங்கள்.

கோப்பு முழுசாக எழுதப்பட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு: அளவை 16ஆல் வகுங்கள். மீதி வந்தால் அறுந்த கோப்பு. என் புத்தகம் 24,00,000 பைட், அதாவது 1,50,000 பதிவு. ஒருமுறை எழுதும்போதே கரண்ட் போய், எட்டு பைட் மிச்சத்தோடு நின்ற கோப்பைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டேன். அதிலிருந்து, தற்காலிகப் பெயரில் எழுதி, அளவு பார்த்து, பிறகே சரியான பெயருக்கு மாற்றுகிறேன்.

ஆறாவது வாரம் முழுவதும் இஞ்சின் சோதனை. புத்தகத்தின் நிலைகளை ஸ்டாக்ஃபிஷ் என்ற வலுவான இஞ்சினிடம் காட்டி, அதன் சிறந்த நகர்த்தலோடு நம் நகர்த்தலை ஒப்பிட்டு, 0.8 சிப்பாய்க்கு மேல் குறைந்தால் குறித்துக்கொள்ளச் சொன்னேன். எடை மிகுந்த 40,000 நிலைகளை மட்டும் எடுத்தேன். நிலைக்கு ஒரு வினாடி என்றாலே பதினொரு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரக் கரண்டில் அது ஒரே மூச்சில் முடியாது, ஆகவே நூறு நிலைக்கு ஒருமுறை எங்கே நிற்கிறோம் என்பதைக் கோப்பில் எழுதிவைத்துத் தொடரும்படி செய்யுங்கள். தானாக வெட்டிவிடும்படி மட்டும் விடாதீர்கள். இங்லண்ட் கேம்பிட்டும் கிங்ஸ் கேம்பிட்டும் எனக்கு ஏறத்தாழ ஒரே அளவு இழப்பாகத் தெரிந்தன. ஒன்று பொறி வைத்துக் காத்திருப்பது, மற்றது காய்களைச் சுறுசுறுப்பாக ஆடக் கற்றுத்தருவது. எண் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது. குறிக்கப்பட்ட பட்டியலை அச்செடுத்து மூன்று மாலை உட்கார்ந்து பேனாவால் அடித்தேன். இந்த முழு வேலையில் எனக்கு மனநிறைவு தந்த பகுதி அதுதான். நீக்க வேண்டிய நகர்த்தலின் பதிவையே எடுத்துவிடுவது நல்லது. எடையை 0 ஆக்கினால் சில மென்பொருள் அதையும் புத்தக நகர்த்தல் என்றே காட்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பாலிகிளாட்டின் டம்ப்-புக் கட்டளையால் வெள்ளை, கருப்பு இரண்டு பக்கத்தையும் உரையாக எடுத்துக் கண்ணால் பாருங்கள். முதல் நான்கு நகர்த்தலைப் படித்தாலே குப்பை இருந்தால் தெரிந்துவிடும். பிறகு கோப்பை ஃபோனுக்கு அனுப்ப நாங்கள் ஜாப்யா என்ற கோப்புப் பகிர்வுச் செயலியைப் பயன்படுத்துகிறோம், டேட்டா செலவில்லை. டிராய்ட்ஃபிஷ் கோப்புறைக்குள் 'புக்' என்ற இடத்தில் போட்டு, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க மறந்தால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தையே ஆடிக்கொண்டிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. சரியாக ஏறியதா என்று பார்க்க, நீங்கள் கட்டிய புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒரு பழைய கிளையை ஆடிப் பாருங்கள், ஸ்டாக்ஃபிஷ் யோசிக்காமல் உடனே பதில் சொன்னால் ஏறிவிட்டது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை, முந்தைய நான்கு வாரத்துப் போட்டிக் கோப்புகளை இறக்கி, அதே நிபந்தனைக் கோப்பால் வடிகட்டி, பழைய ஆட்டங்களின் பின்னால் ஒட்டி, இரண்டு நிறத்துக்கும் கட்டி ஒன்றாக்கி, பேனாவால் அடித்த பட்டியலை மறுபடி பொருத்துகிறேன். டேட்டா இருபது எம்பிகூட ஆகாது, வேலை நாற்பது நிமிடம், பிள்ளைகள் மாடியேறி வருவதற்குள் கோப்பு தயாராக இருக்கும்.